கிளெய்ம் கிடைக்காமல் காப்புறுதி செய்வது எப்படி?

எழுபது வயது தாண்டிய தாய் தகப்பனின் மருத்துவக் காப்புறுதி விபரம் ஒரு குடும்பத்தில் ஒழுங்காக இருக்கிறதென்றால், அந்தக் குடும்பத்தில் வேறு ஏதோ பெரிய கோளாறு இருக்கவேண்டும். ஒன்றில் பிள்ளைகள் எல்லாரும் ஊரிலேயே நிற்கிறார்கள், அல்லது தகப்பன் கணக்காய்வுத் திணைக்களத்தில் வேலை பார்த்தவர். மற்றபடி கொக்குவிலிலிருந்து கொடிகாமம் வரை நடைமுறை ஒன்றுதான். பொலிசி இலக்கம் ஸ்காபரோவில் மகனின் போனில் இருக்கும். பத்திரம் அலுமாரிக்கு மேலே சூட்கேசில் இருக்கும். வருத்தம் பெரியாஸ்பத்திரிக் கொப்பியில் இருக்கும். பிறந்த திகதி மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கும். இந்த மரபை நாலு பேர் சேர்ந்து கெடுத்துவிடாமல் காக்க விரும்புகிறவர்களுக்காக இந்த வழிகாட்டி.

ஆட்களுக்குக் குறைவில்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நாட்டில் நூற்றுக்கு 7.9 பேர். 2024 இல் அது 12.6. பயிற்சிக்கு நல்ல வாய்ப்பு.

முதலில் ஓர் அடிப்படையை விளங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்து வயதானவர்களுக்கு ஆஸ்பத்திரியில் பொய் சொல்லத் தெரியாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்பதில்லை. வருத்தத்தைச் சொன்னால்தான் மருந்து. ஆகவே பெரியாஸ்பத்திரியிலும் சரி, மந்திகையிலும் சரி, தெல்லிப்பழையிலும் சரி, கேளாததையும் சேர்த்துச் சொல்லுவார்கள். டொக்டர் முழங்காலைப் பற்றிக் கேட்டால் இளவயதில் வந்த செங்கண்மாரி வரைக்கும் போவார்கள். அதே மனுசர் காப்புறுதிப் படிவத்துக்கு முன்னால் இருந்தவுடன் பிறந்ததிலிருந்து தடிமன்கூடப் பிடியாதவராக மாறிவிடுவார். இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை. வருத்தத்தைச் சொன்னால் மருந்து தருகிற இடம் ஒன்று. வருத்தத்தைச் சொன்னால் கட்டணத்தைக் கூட்டுகிற இடம் மற்றது. இரண்டையும் கண்ட எந்தப் புத்தியுள்ள மனுசரும் இப்படித்தான் நடப்பார். ஆனால் கிளெய்ம் கேட்கிற நாளில் இரண்டாவது இடம் முதலாவது இடத்தின் கொப்பியைக் கேட்டு வாங்கி வாசிக்கும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் வீட்டில் ஒருவருக்கும் சொல்லிவிடாதீர்கள். மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

படிவம் நிரப்ப உகந்த இடம் தொலைபேசி. உகந்த நேரம், இங்கே அம்மா சாமிக்கு விளக்கு வைக்கிற, அங்கே மகன் வேலைக்கு வெளிக்கிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தியிருக்கிற நேரம். கனடா 2011 டிசெம்பரில் கொண்டுவந்த சூப்பர் விசாவுக்கு, ஒரு வருடத்துக்குக் குறையாத, ஒரு லட்சம் கனடா டொலருக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவும் ஊருக்குத் திருப்பி அனுப்புகிற செலவும் அதற்குள் அடங்கவேண்டும். 2022 ஜூலையிலிருந்து ஒருமுறை போனால் ஐந்து வருடம் வரை நிற்கலாம். கனடாக் கம்பனியில்தான் எடுக்கவேண்டும் என்றிருந்த விதியும் 2025 ஜனவரியில் தளர்ந்து, அங்கே அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டுக் கம்பனிகளுக்கும் இடம் வந்தது. இவ்வளவும் கனடா அரசாங்கத்தின் இணையத்தளத்திலேயே இருக்கிறது. அங்கே பார்க்கவே கூடாது. பிராம்டனில் இருக்கிற சித்தப்பாவிடம் கேளுங்கள். அவர் விசா தொடங்கின காலத்திலேயே மாமியாரைக் கூப்பிட்டவர். அன்று தெரிந்ததை இன்றைக்கும் ஒரு எழுத்து மாறாமல் சொல்லுவார்.

உரையாடல் இப்படிப் போகவேண்டும்.

"அம்மா, உங்களுக்குப் பிரசர் இருக்கோ எண்டு கேட்டிருக்கு."

"பிரசரோ? இப்ப இல்லை. குளிசை போடுறன்தானே."

"சீனி?"

"அது அப்பாவுக்குத்தான் கூட. எனக்குக் கொஞ்சம்."

"நெஞ்சு நோ ஏதும் வந்ததோ?"

"ஒருக்கா வந்தது. வாய்வு. ஈ.சி.ஜி. எடுத்துப் பாத்தவை, ஒண்டும் சொல்லேல்லை."

பின்னாலிருந்து அப்பா: "உதெல்லாம் ஏன் அவனுக்குச் சொல்லுறாய்? இல்லையெண்டு போடு தம்பி, காசு கூடக் கேட்கப்போறாங்கள்."

மகன் மூன்று இடத்திலும் ‘இல்லை’ போடுவான். மாதக் கட்டணம் குறைந்து வரும். அம்மாவுக்குச் சந்தோசம், அப்பாவுக்கு வெற்றி, மகனுக்கு வேலைக்குப் பிந்தவில்லை. குளிசை போடுவதால் பிரசர் இல்லை என்ற அம்மாவின் வாதத்தைப் பிழை என்று சொல்ல எந்தத் தருக்க நூலாலும் முடியாது. கம்பனியால் முடியும்.

ஒன்றையும் மறைக்கக்கூடாது என்கிற விதிக்குக் கம்பனிகள் வைத்திருக்கிற பெயர் உச்ச நல்லெண்ணம். வேர் 1766 இல் இலண்டனில் மான்ஸ்ஃபீல்ட் பிரபு தீர்த்த ஒரு வழக்கில் இருக்கிறது. சுமாத்திராவில் பென்கூலன் என்ற இடத்திலிருந்த மார்ல்பரோ கோட்டையின் ஆளுநர் கார்ட்டர், கோட்டை எதிரி கையில் விழுந்தால் நட்டஈடு வேண்டுமென்று காப்புறுதி செய்திருந்தார். பிரெஞ்சுக்காரர் வந்து பிடித்துவிட்டார்கள். காசு கொடுக்கவேண்டிய போம் என்பவர், கோட்டையின் பலவீனத்தை மறைத்துவிட்டீர் என்று நின்றார். காப்புறுதி எடுக்கிறவர் தனக்கு மட்டும் தெரிந்ததை மறைக்கக்கூடாது என்றார் நீதிபதி. சொல்லிவிட்டு, வழக்கைக் கார்ட்டருக்கே சாதகமாக முடித்தார்: கேட்டறிந்திருக்கக்கூடியதைக் கேளாமல் காப்புறுதி கொடுத்துவிட்டுப் பிறகு குறை சொல்ல முடியாது. பிரித்தானியா 2012 இல் சாதாரண வாடிக்கையாளருக்கான சட்டத்தையே மாற்றி, கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொன்னால் போதும் என்றாக்கியது. கிளெய்ம் மறுப்புக் கடிதங்களில் கார்ட்டர் வழக்கின் முற்பாதிதான் வரும். பிற்பாதியை நீங்களும் தெரிந்து வைத்திருக்கவேண்டாம்.

இனி ‘ஸ்டேபிள்’ என்ற விஷயம். இதைக் கவனமாகக் குழப்பவேண்டும்; குழப்பினால் பலன் பெரிது.

வருகையாளருக்கான பல பொலிசிகளில், முன்பே இருக்கிற வருத்தத்துக்கும் காசு கொடுப்போம், ஆனால் அது பயணத்துக்கு முந்திய 90 நாள், 120 நாள் அல்லது 180 நாள் மாறாமல் இருந்திருக்கவேண்டும் என்று ஒரு வாசகம் இருக்கும். எத்தனை நாள் என்பது கம்பனிக்குக் கம்பனி, வயதுக்கு வயது வேறுபடும். மாறாமல் என்றால் புதிய குளிசை இல்லை, புதிய நோக்காடு இல்லை, எடுக்கச் சொல்லி எடுக்காமல் விட்ட ஸ்கான் இல்லை, அளவு மாற்றம் இல்லை. அளவு கூடினால் மாற்றம் என்பது எல்லாருக்கும் விளங்கும். குறைந்தாலும் மாற்றம் என்று எண்ணுகிற பொலிசிகள் உண்டு என்பதுதான் ருசியான இடம். மாசிமாதக் கிளினிக்கில் டொக்டர் கொப்பியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "அம்மா, சீனி நல்லா இறங்கியிருக்கு, குளிசையைப் பாதியாக்குவம்" என்கிறார். அம்மா ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டு வருகிறார். சித்திரையில் விமானம் ஏறுகிறார். ஊரின் கண்ணில் அவருக்கு வருத்தம் குறைந்துவிட்டது. பொலிசியின் கண்ணில் அவர் நிலையில்லாதவர். ஆகவே, பயணத்துக்குத் திகதி குறித்த பிறகும் கிளினிக்கில் அதைச் சொல்லவேண்டாம். சொன்னால் டொக்டர் தேவையில்லாத மாற்றத்தைத் தள்ளிப்போடக்கூடும், அல்லது மகன் தேவையான மாற்றத்தைக் கம்பனிக்கு அறிவித்து எழுத்தில் பதில் வாங்கக்கூடும். இரண்டும் ஆபத்து. இன்னொருவகை ஆர்வலர்களும் இருக்கிறார்கள்: ஸ்டேபிளாக இருக்கவேண்டும் என்பதற்காக டொக்டர் கூட்டித் தந்த குளிசையைப் போடாமல் ஒளித்து வைக்கிறவர்கள். அவர்களுக்கு இந்த வழிகாட்டி தேவையில்லை. அவர்கள் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

பிள்ளைகள் பிரான்சிலோ சுவிசிலோ என்றால் வேலை இலகு. ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ போதும். அந்தக் காப்புறுதி திடீரென்று வருகிற அவசரத்துக்குத்தான். பழைய வருத்தத்தைப் பெரும்பாலும் தொடாது. பாரிசுக்குப் போய் முழங்காலைக் காட்டிவிட்டு வரலாம் என்று அப்பாவிடம் சொல்லி வையுங்கள்.

கிளினிக் கொப்பிக்கு வருவோம். இதுதான் முழுத் திட்டத்துக்கும் எதிரி. வீட்டில் இருக்கிற எல்லாக் காகிதங்களிலும் பொய் இல்லாத காகிதம் இது ஒன்றுதான். மட்டைக்குக் கபிலநிறத் தாள் உறை போட்டிருக்கும். முதற்பக்கத்து மேல் மூலையில் அம்மா பிள்ளையார் சுழி போட்டிருப்பார். ஒவ்வொரு கிளினிக்குக்கும் திகதி முத்திரை, அதற்குக் கீழே பிரசர் இரண்டு எண்ணாக, வெறுவயிற்றுச் சீனி ஓர் எண்ணாக, பிறகு மருந்துகள்: லொசாட்டன், மெற்போமின், அற்றோவாஸ்ரற்றின். ஓரத்தில் ஈ.சி.ஜி. துண்டு ஸ்ரேப்ளர் அடித்து மடித்துக் கிடக்கும். வாய்வு என்று சொன்னாரே, அந்த நாளுடையது. மருந்துக்குப் பக்கத்தில் 1/12 என்று எழுதியிருக்கும். ஒரு மாதத்துக்குரிய மருந்து என்று பொருள். வெளிநாட்டு மருமகன் அதை டிசெம்பர் முதலாம் திகதி என்று வாசித்து, அம்மா டிசெம்பரில் மட்டும் குளிசை போடுகிறவர் என்று படிவத்தில் எழுதினால் திருத்தவேண்டாம்.

கொப்பி முடிந்ததும் பழையதைக் கடையில் சரை சுற்றக் கொடுத்துவிடுங்கள். பக்கம் பக்கமாகப் போனில் படமெடுத்து, திகதிவாரியாகப் பிள்ளைகளுக்கு அனுப்புகிற ஆட்கள் இருக்கிறார்களாம். ஐந்து நிமிட வேலை. அதற்குள் நாடகத்தில் பாதி போய்விடும்.

பெயர். இங்கே எங்கள் முன்னோர் எங்களுக்கு ஏற்கெனவே நிறைய உதவி செய்து வைத்திருக்கிறார்கள். சிவசுப்பிரமணியம் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதுகிறபோது ஒரு பி குறையலாம், ஓர் ஏ கூடலாம், கடைசி எம்முக்கு முன்னால் ஐ வரலாம், வராமலும் விடலாம். அடையாள அட்டையில் ஒரு வடிவம், கடவுச்சீட்டில் இன்னொன்று, பென்சன் கோவையில் 1974 இல் தட்டச்சு செய்தவர் விரும்பிய வடிவம். இதற்கு மேல் முதலெழுத்து. கடவுச்சீட்டு எடுக்கிறபோது அதை விரித்து எழுதியிருப்பார்கள். கனடாக் கணினி அதையே முதற்பெயராக எடுத்துக்கொள்ளும். ஆகவே காப்புறுதி செய்யப்பட்டிருப்பவர் அப்பா இல்லை, நாற்பது வருடத்துக்கு முன் செத்த அப்பப்பா. அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்பது உண்மைதான்.

பிறந்த திகதியும் அப்படியே. சாதகக் கொப்பியில் இருப்பது பிறந்த நாள். பள்ளிக்கூடத்தில் இருப்பது சேர்க்க வசதியான நாள். பிறப்பத்தாட்சிப் பத்திரம் 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே எழும்பி நடந்தபோது பையோடு போனது. பிறகு எடுத்தது சிலருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண் பிறந்த வருடம், அடுத்த மூன்று எண் அந்த வருடத்தில் எத்தனையாம் நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். எந்தக் காப்புறுதி உத்தியோகத்தரும் அரை நிமிடத்தில் ஒத்துப் பார்த்துவிடலாம். பணம் வாங்குகிற நாளில் பார்க்கமாட்டார். கொடுக்கிற நாளில் பார்ப்பார். முன்கூட்டியே எல்லாவற்றையும் கடவுச்சீட்டிலுள்ளபடி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, மாறுபடுகிற இடத்துக்குச் சத்தியக்கடதாசி முடித்து வைப்பது விளையாட்டைக் கெடுக்கிற செயல்.

ஊரிலேயே காப்புறுதி எடுக்கிறவர்களுக்கு ஏஜென்ட் தம்பி இருக்கிறார். நல்ல பிள்ளை, சொந்தக்காரரின் சொந்தக்காரர். விறாந்தையில் இருந்து பால்தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "ஐயா, நீங்கள் ஒண்டுக்கும் கஷ்டப்படவேண்டாம், நான் நிரப்புறன், இதில மட்டும் சைன் வையுங்கோ" என்பார். வையுங்கள். படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறதா, தமிழில் தாரும் என்று கேட்காதீர்கள். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் கிறீன் 1847 இல் வந்திறங்கி, மானிப்பாயில் உடற்கூற்றையும் சத்திரசிகிச்சையையும் தமிழிலேயே படிப்பித்து, தமிழில் மருத்துவ நூல்களும் அச்சிட்டுவிட்டுப் போனார். அதே மானிப்பாயில் இன்றைக்கு ஒருவர் தன் சொந்த ஈரலைப் பற்றிய ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையெழுத்து வைப்பதில் ஒரு வரலாற்றுச் சுவை இருக்கிறது. நிரப்பிய படிவத்தின் போட்டோ கொப்பியையும் கேட்கவேண்டாம். தம்பி குறை நினைப்பார். அவர் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் விதிப்படி பதிவு பெற்றவரா என்று பார்ப்பது அதைவிட மோசம். அவருடைய பெரியம்மா உங்கள் கலியாணத்துக்கு வந்தவர்.

இன்னொன்றையும் கேட்காமல் விடுங்கள்: இந்த மருத்துவக் காப்புறுதி தனியானதா, ஆயுள் காப்புறுதியோடு சேர்த்துக் கட்டியதா, எத்தனை வயதில் முடியும்? சேர்த்துக் கட்டிய பல, ஆள் ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போகத் தொடங்குகிற வயதிலேயே ஓய்வுபெற்றுவிடும்.

பென்சன்காரருக்கு அக்ரஹார என்ற காப்புறுதித் திட்டம் இருக்கிறது. 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் நடத்துவது. சேவையில் இருப்பவருக்குரிய திட்டம் வேறு, ஓய்வுபெற்றவருக்குரியது வேறு. எந்த வருடம் ஓய்வுபெற்றீர்கள் என்பதும் கணக்கில் வரும். இந்த வித்தியாசங்களை மறந்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்குக் காசு கிடைத்த பக்கத்துவீட்டு ரீச்சரைப் பின்பற்றுங்கள். அவ இன்னும் படிப்பிக்கிறா என்பதைப் பெரிதுபடுத்தவேண்டாம். பென்சன் துண்டில் மாதாமாதம் சந்தா வெட்டுகிறார்களா என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தத் துண்டு கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாத எழுத்தில் இருக்கிறது என்று சாட்டுச் சொல்லலாம்.

மிச்சத்தை வைபர் குழு பார்த்துக்கொள்ளும். ஜனாதிபதி நிதியம் எல்லா ஒப்பரேசனுக்கும் முழுக்காசும் தருகிறது என்று ஒரு செய்தி வரும். நிதியமே மூடப்பட்டுவிட்டது என்று மறுநாள் இன்னொன்று வரும். இரண்டையும் அனுப்புங்கள், சமநிலை முக்கியம். 1978 இலிருந்து இருக்கிற அந்த நிதியத்துக்கு 2025 முதல் கொழும்புக்கு அலையாமல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். வருமானமும் வருத்தத்தின் வகையும் பார்த்துத்தான் உதவி, அதற்கு உச்சவரம்பும் உண்டு. நல்லூரிலோ சங்கானையிலோ செயலகப் படியேறிக் கேட்டால் எழுத்தில் இருப்பதைச் சொல்லுவார்கள். அப்படியானால் குழுவில் பேச என்ன இருக்கும்? 1990 அம்புலன்சுக்கும் இதே முறை. 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்துக்கு வந்ததிலிருந்து அது இலவசம். காப்புறுதி இல்லாதவரை ஏற்றமாட்டார்கள் என்று யாராவது பெரியம்மாவுக்குச் சொல்லியிருந்தால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் ஓட்டோ தேடுவார்.

இவ்வளவும் செய்து, கிளெய்ம் மறுக்கப்பட்ட கடிதம் வந்த பிறகும் சில வேளை ஆபத்து நீங்குவதில்லை. கடிதத்தைக் கிழித்தெறிந்து, "உவங்கள் எல்லாரும் கள்ளர்" என்று முடித்துவிடுவதுதான் பாதுகாப்பான வழி. காரணத்தை வாசகம் காட்டி எழுத்தில் தாருங்கள் என்று கம்பனிக்கு எழுதினால், அவர்கள் எழுதவேண்டி வரும். அது திருப்தியில்லை என்றால் இலங்கையில் எடுத்த பொலிசிக்குக் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். பொலிசிக்காரரிடம் காசு வாங்குவதில்லை. முதலில் கம்பனியிடம் முறையிட்டிருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. கனடாப் பொலிசி என்றால் அங்கே அதற்குரிய முறைப்பாட்டு அமைப்புகள் உண்டு. கிளினிக் கொப்பியின் படங்களும் நிரப்பிய படிவத்தின் பிரதியும் கையில் இருந்தால் நீங்கள் வென்றுவிடக்கூடும். அதனால்தான் இரண்டையும் முன்பே இல்லாமல் செய்யச் சொன்னேன்.

கடைசியாக, எக்காரணம் கொண்டும் அம்மாவிடம் ஆறுதலாக இருந்து கேட்காதீர்கள். மகன், மருமகன், ஏஜென்ட், சித்தப்பா, வைபர் குழு என்று இத்தனை பேர் அவருக்காகப் பதில் சொல்ல இருக்கையில் அவரைத் தொந்தரவு செய்வானேன். தப்பித்தவறி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவசரமில்லாத நேரத்தில், "அம்மா, என்ன என்ன குளிசை போடுறியள்?" என்று யாராவது கேட்டுவிட்டால், அவர் கொப்பியைத் திறக்காமலே தொடங்குவார்:

"லொசாட்டன் ரெண்டு நேரம், தைப்பொங்கலுக்கு முதல் கிளினிக்கில இருந்து ஐம்பது, அதுக்கு முதல் இருபத்தைஞ்சு. சீனிக் குளிசை காலமையும் இரவும், மாசியில பாதியாக்கினவை. கொழுப்புக் குளிசை இரவு. அஸ்பிரின் நிப்பாட்டி ஒரு வரிசம். ஈ.சி.ஜி. எடுத்தது ஆடி அமாவாசையண்டு, விரதமெண்டபடியால் ஞாபகம்…"

அந்த இடத்தில் நெட்வேர்க் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிடுங்கள்.